சிவப்பு மேப்பை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மதுராந்தகம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதற்கு அடியில் புவிவெப்ப ஆற்றல் (மின்சாரம் எடுக்கக்கூடிய நிலத்தடிச் சூடு) இருப்பதாக ஒரு ஏஜென்ட் சாட்டிலைட் மேப்பில் சிவப்பாகக் காட்டுகிறார். விடியற்காலையில் போர் தண்ணீரும் வெதுவெதுப்பாக வருகிறது. ரிப்போர்ட் எடுக்க முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், தாம்பரம்

பதில்: கொடுக்காதீர்கள்.

அந்தச் சிவப்பு, தரையின் மேல்தோல் சூடுதான். லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோளின் வெப்பப் படத்துக்கு ஒரு முழம் ஆழம்கூடத் தெரியாது. மொட்டைப் பாறை, செங்கல் சூளை, அறுத்துக் காய்ந்த வயல் எல்லாமே சிவப்பாகத்தான் விழும். போர் தண்ணீரும் சான்று ஆகாது. சில பத்து மீட்டர் ஆழத்தில் வருடம் முழுக்க ஏறக்குறைய 28, 29 டிகிரிதான். மார்கழிக் காலையில் அது சூடாகத் தெரியும்.

உண்மையான டிஜிட்டல் மேப்பிங்கில் வெந்நீர் ஊற்றுகள், பாறைப் பிளவுகள், பாறை வகை, துளைகளில் அளந்த வெப்பம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்து மதிப்பிடுவார்கள். எங்கே துளை போட்டுப் பார்க்கலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் வெந்நீர் கண்ணெதிரே கொப்பளிக்கிறது. அங்கேகூடத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கம் பழைய சார்னோகைட் பாறை, கிரானைட் மாதிரி இறுகியது. மேலே இருக்கும் 28 டிகிரியிலிருந்து கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறுவதாக வைத்தாலும், மின்சாரத்துக்குப் பொதுவாக வேண்டிய 100 டிகிரிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அந்த இறுகிய பாறையில் தண்ணீர் ஓடவும் வழியில்லை.

தமிழ்நாட்டில் காவிரிப் படுகை மட்டும் இதற்கு விலக்கு. அங்கே வண்டல் பாறை மிகத் தடிமனாகப் படிந்து, கீழே உள்ள சூட்டைப் போர்வை மாதிரி மூடி வைக்கிறது. நுண்துளைகளில் தண்ணீரும் உண்டு. எண்ணெய்க்காகத் தோண்டிய ஆழ்கிணறுகளில் அளந்த வெப்பக் கணக்கும் இருக்கிறது. ஆகவே திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் என்றால் பேச்சே வேறு. ஏஜென்ட்டுகள் இதைத்தான் பிடித்துக்கொண்டு ‘தமிழ்நாட்டிலேயே இருக்கிறது சார்’ என்பார்கள். மதுராந்தகம் அந்தப் படுகையில் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். ஊரெங்கும் போர் போடுகிறோம், ஆழத்தைக் குறிக்கிறோம். ஒரு தெர்மாமீட்டரை இறக்கி வெப்பத்தையும் குறித்துவைக்கும் வழக்கம் மட்டும் இல்லை. அந்த எண்கள் பொதுவில் இருந்தால் புரோக்கருக்கு என்ன வேலை?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புகோஷ் தளத்தில் பாறை வரைபடம் இலவசம். உங்கள் ஊரை அதில் பாருங்கள். அப்புறம் ஏஜென்ட்டிடம், எந்தத் துளையில், எத்தனை மீட்டரில், எத்தனை டிகிரி அளந்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.