நிமிடத்துக்கு ஒரு டக்கா: தையல் கூலி கேள்வி-பதில்

வங்கதேசத்தில் 2023-இல் ஒரேயடியாக 56 சதவீதம் சம்பளம் உயர்த்தினார்களே, அப்புறமும் ஏன் போராட்டம்?

அந்த உயர்வுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆடைத் தொழிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1994-இல் 930 டக்கா (அந்நாட்டு நாணயம்). அடுத்த உயர்வு 12 ஆண்டு கழித்து, 2006-இல்தான் வந்தது: 1,662 டக்கா. 2010-இல் 3,000 ஆனது. ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட 2013-இன் கடைசியில் 5,300, 2018 இறுதியில் 8,000. பிறகு ஐந்து ஆண்டு அசையவே இல்லை. அரிசி, எண்ணெய், வீட்டு வாடகை எல்லாம் ஏறிக்கொண்டே போயின, டக்காவின் மதிப்பும் சரிந்தது. 8,000 டக்கா அறிவித்தபோது அது சுமார் 95 டாலர். 2023 டிசம்பரில் 12,500 ஆனபோது சுமார் 113 டாலர். டாலரில் விற்கும் முதலாளிக்கு உயர்வு 20 சதவீதம்கூட இல்லை. தொழிலாளர்கள் கேட்டது 23,000. போராட்டத்தில் உயிர்களும் போயின. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

கூலியை ஏற்றினால் டி-ஷர்ட் விலை எகிறிவிடாதா?

காஸ்டிங் (ஒரு உருப்படிக்கு ஆகும் செலவுக் கணக்கு) போடுகிறவர்கள் மாதச் சம்பளத்தை நிமிடக் கணக்காக்கித்தான் பார்ப்பார்கள். 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 12,480 நிமிடம். ஆக 12,500 டக்கா என்பது நிமிடத்துக்கு ஒரு டக்கா. சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்குத் தோள் சேர்ப்பது, கழுத்து ரிப், கை, சைடு, அடி மடிப்பு எல்லாம் சேர்த்துத் தையல் நேரம் ஏறக்குறைய 7 நிமிடம். லைன், அதாவது வரிசையாகத் தைக்கும் குழு, பாதித் திறனில் ஓடினால் 14. டெய்லருக்குக் கடைநிலைச் சம்பளத்தைவிடக் கூடுதல், சூப்பர்வைசர், ஹெல்பர் செலவும் உண்டு என்று இரட்டிப்பாக்கினாலும் 28 டக்கா, கால் டாலர்தான். இந்தக் கூலி இன்னும் 50 சதவீதம் உயர்ந்தால் ஒரு உருப்படிக்குக் கூடுவது 14 டக்கா. செலவில் பெரும்பங்கு துணிக்கு. அந்த 14 டக்காவை பையர், அதாவது ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனம், விலையில் சேர்த்துத் தர மறுப்பதால்தான் சண்டை தொழிற்சாலைக்குள் நடக்கிறது.

அப்படியென்றால் திருப்பூரைவிட அவர்களுக்கு ஆர்டர் அதிகம் போனது கூலியால் மட்டுமா?

இல்லை. பின்தங்கிய நாடு என்பதால் 2001 முதல் ஐரோப்பாவில் அவர்களுக்கு வரி கிடையாது. நம் சரக்குக்குப் பல ஆண்டுகள் பத்து சதவீதத்தை ஒட்டி வரி இருந்தது. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்ற கோட்டா முறை 2004 முடிவில் ஒழிந்ததும் இந்த வித்தியாசம் நன்றாகவே உறைத்தது.

இயந்திரங்கள் தையல்காரர்களை அனுப்பிவிடுமா?

கட்டிங்கில் ஏற்கெனவே ஆட்கள் குறைந்துவிட்டார்கள். தையல் அவ்வளவு சுலபமில்லை. பனியன் துணி இழுபடும், ஓரம் சுருளும். அதை விரலால் நீவி ஊசிக்குக் கொடுக்கிற வேலையை மலிவாகச் செய்யும் இயந்திரம் இன்னும் பரவலாகவில்லை.

பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) நல்லதா, ஷிப்ட் (வேலை நேரத்துக்கான கூலி) நல்லதா?

கை வேகமாக இருந்து, ஒரே ஸ்டைல் நீண்ட நாள் ஓடினால் பீஸ் ரேட்டில் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பண்டில் (தைக்க வரும் வெட்டிய துணிக் கட்டு) தாமதமானாலும், ஸ்டைல் மாறினாலும், கரண்ட் போனாலும் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி வேண்டும் என்று 1984-இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பீஸ் ரேட்டுக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்பை இழக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீஸ் ரேட்காரர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவை உங்களுக்கும் பொருந்தும். தினமும் தைத்த உருப்படிக் கணக்கை உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள்.