சந்தையில் நிற்பவர் எல்லாரும் விவசாயி அல்லர்

கேள்வி: மதுரைக்குப் போயிருந்தபோது உழவர் சந்தையைப் பார்த்து வியந்துபோனேன். கொழும்பிலும் விவசாயியிடமே வாங்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்கந்தச் சந்தைக்குப் போகிறேன். கேட்டால் எல்லாரும் "சொந்தத் தோட்டத்துக் காய்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் போஞ்சியில் பாதி அழுகல். இயற்கை விளைபொருள் விற்கும் சனிக்கிழமை குட் மார்க்கெட்டில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. "பேசாமல் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போ" என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: சந்தையை விட வேண்டாம், மதுரையை மறந்துவிடுங்கள். 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் தமிழக அரசு தொடங்கிய உழவர் சந்தையின் கதை வேறு. அங்கே கடை போட விவசாயிக்கு அடையாள அட்டை வேண்டும். அன்றன்றைய விலையை அதிகாரிகள் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவைப்பார்கள். நம் வாரச் சந்தைகளில் பொதுவாக, அன்றைக்குரிய கட்டணத்தைச் செலுத்துகிற எவரும் கடை விரிக்கலாம். விற்பவரில் பெரும்பாலானோர் விடிவதற்கு முன் பேலியகொடைக்கோ மீகொடைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ போய் மொத்தமாக எடுத்து வருகிற வியாபாரிகள். பேலியகொடையில் இருப்பது புறக்கோட்டையின் பழைய மெனிங் சந்தைதான். 2020 நவம்பரில் அங்கே இடம் மாறியது. நித்திரை முழித்து மூட்டை தூக்கி, விற்காததை நட்டத்தில் எழுதும் மனிதர்கள் இவர்கள். வியாபாரியாக இருப்பதில் குற்றமில்லை. 'சொந்தத் தோட்டம்' என்ற பொய்தான் எரிச்சல் தருகிறது, அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

கடையில் என்னென்ன சேர்ந்து கிடக்கின்றன என்று பாருங்கள். கரட், லீக்ஸ், கோவா குளிர்நாட்டுப் பயிர்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து வருபவை. வெண்டிக்காய், புடலங்காய், பயிற்றங்காய் வெப்பத்தை விரும்புபவை. இவை எல்லாம் ஒரே கடையில் அடுக்கியிருக்க, "எங்கள் தோட்டம் அக்கா" என்று ஒருவர் சொன்னால், அந்தத் தோட்டம் பதுளையில் தொடங்கி அம்பாந்தோட்டையில்தான் முடிய வேண்டும். உண்மையில் தானே பயிரிட்டவர் பெரும்பாலும் சந்தையின் ஓரத்தில், சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் நாலைந்து பொருள்தான் இருக்கும்: வாழைப்பூ, மரவள்ளிக்கிழங்கு, ஈரப்பலாக்காய், நாலு கட்டு வல்லாரை, கொஞ்சம் தேசிக்காய். அளவெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடுத்த கிழமை என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். காய்த்து முடியும் கொடியையும் பூத்திருக்கும் மரத்தையும் பற்றிச் சொல்பவர் தோட்டக்காரர்; "எது வேண்டுமென்றாலும் கொண்டு வரலாம்" என்பவர் வியாபாரி. சந்தையின் சுகம் எனக்கு அந்த ஓரத்துச் சாக்குகளில்தான். சுப்பர் மார்க்கெட் அலமாரியில் காணக் கிடைக்காத கீரையும் கிழங்கும் அங்கே வரும், சமைக்கும் விதத்தையும் விற்பவரே சொல்லித் தருவார்.

போஞ்சிக்கு வருவோம். அது அழுகியதற்கு விற்றவர் மட்டும் காரணமில்லை. மலைநாட்டில் பறித்த மரக்கறியை உரப்பையில் திணித்து, மூட்டை மேல் மூட்டையாக லொறியில் ஏற்றி, வளைவு வளைவாக இரவு முழுவதும் இறக்கிக் கொண்டுவருகிறார்கள். அடிமூட்டை நசுங்கும், உள்ளே சூடேறும், வேர்க்கும். பிளாஸ்டிக் கூடையில் ஏற்றச் சொல்லி எத்தனையோ ஆண்டுகளாகப் பேசுகிறோம். கூடை இடத்தை அடைக்கும், வெறுமையாகத் திரும்பி வர வேண்டும், அதற்கும் வாடகை. ஆகையால் உரப்பை ஒழியவில்லை. போஞ்சியை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் விட்டுவிடுங்கள். கையால் பொறுக்க விடாத கடையில் போஞ்சியும் தக்காளியும் வாங்க வேண்டாம். மழைக்குப் பிந்திய நாட்களில் இன்னும் கவனம் தேவை. நவம்பர், டிசம்பர் மழையில் வரத்துக் குறைந்து, விலை ஏறி, தரமும் விழும். அந்தக் கிழமைகளில் போஞ்சியைக் கைவிட்டுப் பலாக்காய்ப் பக்கம் திரும்புவதே புத்தி.

அடுத்தது குட் மார்க்கெட் விலை. 2012 டிசம்பரில் பத்தரமுல்லை தியத்த உயனவில் தொடங்கிய அந்தச் சந்தையில், கடை போடுபவர்களை விசாரித்துத்தான் சேர்க்கிறார்கள். அந்த விசாரணைக்கும் விலையில் ஒரு பங்கு போகிறது. எல்லாவற்றுக்கும் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. கீரைக்குக் கொடுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங் மூன்றும் ஈரநிலப் பயிர்கள். நகரத்தை ஒட்டிய சதுப்பில் ஓடும் தண்ணீர் எதைச் சுமந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிற நமக்கு, அது எந்த நிலத்தில் வளர்ந்தது என்பது முக்கியம். ஆனால் பலாக்காய்க்கும் ஈரப்பலாவுக்கும் வாழைப்பூவுக்கும் மருந்தடிக்க யார் மெனக்கெடுகிறார்கள்? அவற்றில் 'இயற்கை' என்று ஒட்டிக் கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

"சேதனப் பசளை போட்டது" என்ற பேச்சிலும் ஒரு பொறி உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழுந்து, நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்ற பிறகு, அந்தச் சொல்லைச் சந்தையில் எல்லாரும் சரளமாகப் பேசுகிறார்கள். பசளை வேறு, பூச்சிமருந்து வேறு. மாட்டெரு போட்டு வளர்த்த கத்தரிக்கும் அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு மருந்தடிக்கலாம். ஆகவே "என்ன பசளை?" என்று கேட்காமல், "பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள், கடைசியாக எப்போது அடித்தீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் தொடர்ந்து வாங்கலாம். மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் மருந்தெல்லாம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியதில் ஒரு பகுதி போகும், உள்ளே இறங்கியது போகாது.

மாமியார் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெருமளவு இறக்குமதிச் சரக்கு. அவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், அதற்காகச் சந்தை வரை சுமை தூக்க வேண்டாம். முருங்கைக்காய், ராசவள்ளிக்கிழங்கு, மே மாதம் பிறந்தால் கறுத்தக்கொழும்பான் என்று யாழ்ப்பாணத்துச் சரக்கு தேடினால், உங்கள் வெள்ளவத்தைக் கடைகளை மிஞ்ச டெல்கந்தவால் முடியாது.

இனி விலை. அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும் தொகை பெரும்பாலும் 250 கிராமுக்கு. மூலையில் சிறிதாக அப்படி எழுதியிருப்பார்கள். நாலால் பெருக்கிய பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். புறப்படுமுன் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அன்றாட விலை அறிக்கையைப் பாருங்கள். புறக்கோட்டை, தம்புள்ளை மொத்த விலையும் நாரஹேன்பிட்டிச் சில்லறை விலையும் அதில் இருக்கும். மொத்த விலைக்கு மேல் கொஞ்சம் இலாபம் வைப்பது நியாயம், இரட்டிப்பு என்றால் பேரம் பேசுங்கள். ஓரத்துச் சாக்குக்காரரிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அவர் அடுத்த கிழமை உங்களுக்கென்று ஒரு கட்டு எடுத்துவைப்பதை அந்தப் பத்து ரூபாய் கெடுத்துவிடும்.

தராசு வெறுமையாக இருக்கும்போது பூச்சியத்தில் நிற்கிறதா, அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். நிறையில் ஐயம் என்றால் அங்கேயே வேறொரு கடையில் நிறுத்துப் பார்க்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். குறைந்திருந்தால் சண்டை பிடிக்காமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 எண்ணுக்கு அழைத்து, சந்தையின் பெயர், கடை இருக்கும் இடம், நேரம் மூன்றையும் சொல்லுங்கள்.