மரபணுவை நீக்கியும் மீன் நலமாக இருந்தால்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்மையில் எங்கள் வகுப்பில் ஓர் ஆய்வுக்கட்டுரையை விவாதித்தோம். அதில் கிரிஸ்பர் முறையில் (டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவி) ஒரு மரபணுவைச் சிதைத்த பிறகும் வரிக்குதிரை மீன்குஞ்சுகள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்திருந்தன. அப்படியானால் அந்த மரபணுவால் பயனில்லை என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்துப் பேசவும் தெரியவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டு, வேண்டிய இடத்தில் வெட்டக் கருவியும் வந்துவிட்ட பிறகு, மீன்களை வேதிப்பொருளில் நீந்தவிட்டுக் குறையுள்ள குஞ்சுகளைத் தேடும் பழைய முறையை ஏன் இன்னும் படிக்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

ஈஎன்யூ என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் ஆண் மீன்களை வைத்தால், விந்தணுவை உண்டாக்கும் செல்களின் டிஎன்ஏவில் ஆங்காங்கே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்த ஆண்களின் பிள்ளைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு மாற்றங்களைச் சுமந்திருந்தாலும், பழுதுபடாத இன்னொரு பிரதி இருப்பதால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பேரப்பிள்ளைகளில் உடன்பிறந்தவற்றை ஒன்றோடொன்று இணைசேர்க்கும்போது, இரண்டும் ஒரே மாற்றத்தைச் சுமந்திருந்தால், இடப்படும் முட்டைகளில் ஏறக்குறைய கால்வாசியில் குறை வெளிப்படும். கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடிபோலத் தெளிவாக வளர்கிறது. 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஒரே தாய் இட்ட நூறு முட்டைகளில் இருபத்தைந்து கருக்களுக்கு மட்டும் இரத்தம் ஓடவில்லை என்றால், சாதாரண நுண்ணோக்கியிலேயே அது கண்ணில் பட்டுவிடும். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் இந்த மீனை மரபியலுக்குப் பழக்கிவைத்த பிறகு, ஜெர்மனியின் டியூபிங்கனில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவும் அமெரிக்காவின் பாஸ்டனில் வுல்ஃப்காங் ட்ரீவர் குழுவும் இந்தத் தேடலைப் பெரிய அளவில் நடத்தி, 1996 டிசம்பரில் ‘டெவலப்மென்ட்’ இதழின் ஒரே வெளியீட்டில் 37 கட்டுரைகளாக முடிவுகளை வெளியிட்டன.

எந்த மரபணு என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் பலம். கிரிஸ்பரால் வெட்ட வேண்டுமானால், எதை வெட்டுவது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இரத்தச் செல்களும் இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களும் ஏறக்குறைய முற்றிலும் இல்லாத ‘குளோஷ்’ என்ற மரபணுப் பழுதுள்ள வரிக்குதிரை மீன் 1995இல் விவரிக்கப்பட்டது. அதற்குக் காரணமான மரபணு நிறப்புரியின் (குரோமோசோம்) கடைக்கோடியில் ஒளிந்திருந்ததால், அதை அடையாளம் காண 2016 வரை ஆயிற்று. இரத்தத்தின் தோற்றத்துக்கு இவ்வளவு அடிப்படையான அந்த மரபணுவை, பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்து வெட்டும் முறையில் யாரும் அவ்வளவு எளிதில் தொட்டிருக்க மாட்டார்கள்.

‘கோல்டன்’ என்ற வெளிறிய மீனின் கதை இன்னும் சுவையானது, நமக்கும் நெருக்கமானது. அதன் கோடுகள் மங்கியிருப்பதற்குக் காரணம், நிறமித்துகள்கள் சிறுத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருப்பது. 2005இல் பென்சில்வேனியாவில் கீத் செங்கின் குழு, பழுது எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவில் இருப்பதைக் கண்டறிந்தது. அதோடு நிற்காமல், மனிதரிடமுள்ள இதே மரபணுவின் தூது ஆர்என்ஏவை (புரதம் உண்டாக்குவதற்கான செய்தியைச் சுமக்கும் நகல்) அந்த மீனின் கருவுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், கருமை திரும்பியது. காரணத்தை ஊகிப்பதற்கும் நிறுவுவதற்கும் உள்ள தூரத்தை இந்தச் சோதனைதான் கடக்கிறது. இதே மரபணுவின் புரதத்தில் 111ஆவது இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனைன் வருவது, ஐரோப்பியரின் வெளிர்தோலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்த வடிவம் தெற்காசியரிடமும், குழுவுக்குக் குழு மிகவும் மாறுபட்ட விகிதத்தில், இருக்கிறது. இரு பகுதியினரிடமும் உள்ளது ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. சிவப்பழகு களிம்பு விளம்பரங்களுக்குப் பழகிப்போன நாட்டில், ஒரு மீன்தொட்டியிலிருந்து இந்தச் செய்தி வந்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி உங்கள் வகுப்பின் வாதத்துக்கு வருகிறேன். கிரிஸ்பருக்கு முன்பு, மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூற்றைக் கருவில் செலுத்தி, ஒரு மரபணுவின் ஆர்என்ஏ புரதமாகாமல் தடுப்பார்கள். அப்படித் தடுத்தபோது கடுமையான குறைகள் தெரிந்த பல மரபணுக்களை, பின்னர் நிரந்தரமாகச் சிதைத்துப் பார்த்தபோது மீன்கள் நலமாகவே இருந்தன. மார்ஃபோலினோவின் பக்கவிளைவைத்தான் இத்தனை காலம் மரபணுவின் வேலை என்று நம்பியிருந்தோமோ என்ற ஐயம் எழுந்தது. பல இடங்களில் அது நியாயமான ஐயமும்கூட. ஆனால் இரத்தக்குழாய் உருவாக்கத்தில் பங்குள்ள ஈஜிஎஃப்எல்7 மரபணுவைச் சிதைத்த மீன்களில், டிடியர் ஸ்டெய்னியர் குழு 2015இல் வேறொன்றைக் கண்டது. அம்மீன்களில் எமிலின் என்ற வேறு மரபணுக்கள் கூடுதலாக இயங்கி, குறையை ஈடுகட்டிக்கொண்டிருந்தன. மார்ஃபோலினோவால் தடுத்த மீன்களில் அந்த ஈடுகட்டல் இல்லை.

இந்த ஈடுகட்டலைத் தூண்டுவது எது என்பது 2019இல் ஓரளவு தெளிவாயிற்று. சிதைந்த மரபணுவிலிருந்து வரும் பழுதான தூது ஆர்என்ஏவைச் செல் அடையாளம் கண்டு அழிக்கிறது. அந்த அழிப்பே, வரிசையில் ஒத்த பிற மரபணுக்கள் முடுக்கிவிடப்படக் காரணமாகிறது. மரபணுவின் தொடக்கப்பகுதியையே வெட்டியெடுத்து ஆர்என்ஏ உருவாகவே விடாமல் செய்த மீன்களில் ஈடுகட்டல் நிகழவில்லை. குறையும் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே, குறை தெரியவில்லை என்பதிலிருந்து பயனில்லை என்ற முடிவுக்குத் தாவுவது அவசரம்.

உங்கள் வகுப்பில் விவாதித்த கட்டுரையை மீண்டும் எடுத்து, அவர்கள் எந்த வகையில் வெட்டினார்கள், ஆர்என்ஏ எஞ்சியிருந்ததா என்று முதலில் பாருங்கள். இந்த மீன் சேர்ந்த பெருங்கூட்டத்தின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்ததால், மனிதரிடம் ஒன்றாக உள்ள பல மரபணுக்கள் இந்த மீனில் இரண்டாக உள்ளன. இணையான மற்றொன்றையும் நீக்கினார்களா என்பது அடுத்து. கடைசியாக, தாய் முட்டைக்குள் வைத்தனுப்பும் ஆர்என்ஏ முதல் நாள்களின் குறையை மறைத்துவிடக்கூடும் என்பதால், தாய்க்கும் அந்த மரபணு இல்லாத நிலையில் சோதித்தார்களா என்பதையும் தேடுங்கள். இவற்றில் எதையும் செய்யாமலே அந்த மரபணு தேவையற்றது என்று அவர்கள் எழுதியிருந்தால், வகுப்பில் உங்கள் மறுப்பைத் தயங்காமல் சொல்லலாம்.