தோ பாயோவில் இறங்க முடிய வேண்டும்

கேள்வி: ஆங்கிலத்தில் ஐந்து பாகத் தொடர் நாவல் எழுதுகிறேன். முதல் பாகம் முடிந்துவிட்டது, 180,000 சொற்கள். லண்டன் இலக்கிய ஏஜென்டுகளுக்கு இப்போதே அனுப்பவா, இரண்டாம் பாகத்தையும் முடித்துவிட்டு அனுப்பவா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ‘தொடர்’ என்கிறீர்கள். போன இதழில் ‘ரயில்’ என்று அச்சிட்டதற்கு ‘தொடர்வண்டி’ எனச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிய தனித்தமிழ் அன்பர் குளிர்ந்துபோவார். (எம்ஆர்டி நகர ரயில் மேடையில் நின்று ‘தொடர்வண்டி எப்போது வரும்?’ என்று அவர் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.) ஆனாலும் அவர் சொல் இன்று கைகொடுக்கிறது. 1987 நவம்பர் 7ஆம் தேதி நம் ரயில் ஓடத் தொடங்கியபோது இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். ஆனால் ஏறியவருக்கு இறங்க ஓர் இடம் இருந்தது. உங்கள் ஈசூனுக்குப் பாதை 1988இல்தான் வந்தது. அதுவரை ரயிலைக் கொட்டகையில் பூட்டி வைக்கவில்லை.

முதல் பாகமும் அப்படித்தான். அதில் கிளப்பிய பெரிய சிக்கல் அதிலேயே தீர வேண்டும். ஏஜென்டுக்கு எழுதும் கடிதத்தில் ‘தனியாகவும் நிற்கும், தொடராகவும் வளரும்’ என ஒரு வரி போதும். இரண்டாம் பாகத்தை இப்போது தொடாதீர்கள். முதலாவது விலைபோகாவிட்டால் அதை யாரிடமும் நீட்ட முடியாது. விலைபோனாலோ, பதிப்பாசிரியர் ஒரு பாத்திரத்தைக் கொல்லச் சொல்வார். அவள் இரண்டாம் பாகத்தில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருப்பாள். கை அரித்தால் தொடர்பே இல்லாத வேறொரு நாவல் எழுதுங்கள்.

180,000 என்ற எண்ணைப் பார்த்தே பலர் ஒதுக்கிவிடுவார்கள். புதியவருக்கு 80,000 முதல் 100,000 வரை. மாயாஜாலக் கதையென்றால் 120,000 வரை பொறுப்பார்கள். லண்டனில் பொதுவாகக் கேட்பது ஒரு பக்கக் கடிதம், முடிவை ஒளிக்காத கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். ‘ஏழாம் அத்தியாயத்தில்தான் சூடு பிடிக்கும்’ என்று அதை அனுப்பாதீர்கள். முதல் ஆறையும் வெட்டுங்கள், எண்ணிக்கையும் குறையும். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். எல்லாரும் மறுத்தால் கடிதத்தைத் திருத்தி அடுத்த ஐந்தாறு பேரிடம் போகலாம். ஐம்பது பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால் திருத்தியதை யாரிடம் காட்டுவது?

ஏஜென்ட் என்றால் நமக்குத் தெரிந்தவர்கள் வீட்டு ஏஜென்ட், பணிப்பெண் ஏஜென்ட், ஊரிலிருந்து வேலைக்கு வருபவரிடம் முன்பணம் கறக்கும் ஏஜென்ட். இலக்கிய ஏஜென்ட் உங்கள் நாவலைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்த பிறகே உங்கள் வருமானத்தில் 15 விழுக்காடு எடுப்பார், வெளிநாட்டு உரிமைக்கு 20. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டால் அவர் அந்த மூன்றாமவர்.