பூனைக்குத் துக்கம் விசாரித்தல்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் என் அம்மா தனியாக வசிக்கிறார், வயது 69. பதினான்கு ஆண்டுகள் அவருடன் இருந்த பவுனு என்ற பூனை, சிறுநீரகம் செயலிழந்து மூன்று வாரங்களுக்கு முன் இறந்துவிட்டது. கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததால், மருத்துவர் சொன்னபடி ஊசி போட்டு முடித்துவைத்தோம். அம்மாதான் கையெழுத்திட்டார். அதன் பிறகு அவர் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் "பூனைதானே, விடு" என்கிறார்கள். பவுனுக்கு ஏற்றிய சலைன் பையை மாட்டுவதற்காகச் சன்னல் கம்பியில் தொங்கவிட்ட கொக்கியை நான் கழற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டார். அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். ஒரு பூனைக்குட்டி கொண்டுவந்து கொடுக்கலாமா? என் ஐந்து வயது மகளிடம் பவுனு தூங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறோம். அவள் இப்போது இரவில் படுக்கவே பயப்படுகிறாள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பூனைக்குட்டி வேண்டாம். என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை; அம்மாவே வாய்திறந்து கேட்கும்வரை வேண்டாம். இப்போது கொண்டுபோய் நிறுத்தினால், "பூனைதானே" என்று உறவினர்கள் வாயால் சொன்னதையே நீங்கள் கையால் சொன்னதாக ஆகிவிடும்.

அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால், புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போடப்படுகின்றன, வருகிறவர் ஒவ்வொருவரும் அருகில் அமர்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்கிறார்: காலையில் காப்பி குடித்தார், பத்து மணிக்கு வியர்த்தது, ஆம்புலன்ஸ் வந்தது. அடுத்தவர் வந்ததும் மறுபடியும் அதே கதை. சிறுவயதில் இது எனக்குக் கொடுமையாகத் தோன்றியிருக்கிறது. இருபதாவது முறை சொல்லும்போது சொல்பவரின் குரல் இறங்கி, சொற்கள் ஒழுங்குபட்டு, நடந்தது நடந்ததாக மாறிவிடுவதைப் பிறகுதான் கவனித்தேன். துக்கம் விசாரிப்பது என்று நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டின் உள்வேலை அதுதான். பவுனு செத்த அன்று உங்கள் அம்மாவிடம் "எப்படி ஆச்சு?" என்று கேட்டவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்து, 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் அது நீங்கியது. இப்போது உரிமமும் மைக்ரோசிப்பும் பெற்று, வீட்டுக்கு இரண்டு பூனைகள்வரை வைத்துக்கொள்ளலாம். பவுனுக்கு வயது பதினான்கு என்றால், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மறைவாகவே கழிந்திருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் அதைச் சமையலறைக்குள் தள்ளிச் சாத்தியதும், பக்கத்து வீட்டாரிடம் அதன் பெயரை உரக்கச் சொல்லாமல் இருந்ததும் அம்மாவுக்குப் பழகிப்போயிருக்கும். ஒளித்து வளர்த்ததை ஒளித்தே அழுகிறார். இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத இழப்பை, வாய்விட்டு அழ உரிமையில்லாத துயரமாகக் கண்டு, அதற்கென ஒரு பெயரிட்டு 1989இல் நூலாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா. தடை வந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான்.

"பூனைதானே" என்கிற சொந்தக்காரர்களுக்கு, தேவைப்பட்டால், நம் ஊர்க் கற்களைப் பற்றிச் சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்வதோடு, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டைக்கோழி ஒன்றுக்கே கல் நட்டிருக்கிறார்கள். விலங்குக்காகத் துக்கப்படுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

கையெழுத்தைப் பற்றி அம்மா உங்களிடம் பேசியிருக்கமாட்டார். ஆனால் இரவில் அவரை விழிக்கவைப்பது அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழில் நாம் வைத்திருக்கும் கருணைக்கொலை என்ற சொல்லிலேயே பாதி கொலை. அவர் மனத்துக்குள் அந்தப் பாதிதான் ஓடிக்கொண்டிருக்கும். "நீங்கள் செய்தது சரிதான்" என்று ஒரே வாக்கியத்தில் மூடிவிடாமல், அன்று நடந்ததை அவருடன் சேர்ந்து நிதானமாக எடுத்துப் பேசுங்கள். பொதுவாக முதலில் மயக்க ஊசி போட்டு அமைதிப்படுத்தியபின், பென்டோபார்பிட்டால் போன்ற மயக்கமருந்தை மிகுந்த அளவில் செலுத்துவார்கள். நினைவு முதலில் போய்விடும், மூச்சும் இதயமும் அதற்குப் பிறகே நிற்கும். முன்பே கவனித்திருக்கலாமே என்று அவர் சொன்னால், வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் சாதாரணம் என்பதையும், அது வெளியே தெரியவரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். தெரிந்தபின் அவர் செய்தது சிறிய காரியமில்லை. அந்தக் கொக்கியில் பையை மாட்டி, தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, 69 வயதுக் கைகளால் ஊசியைச் செருகியிருக்கிறார். கொக்கி இருக்கட்டும். அதைக் கழற்றும் நாளை அவரே முடிவுசெய்வார்.

மகளிடம் இன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள்: பவுனு தூங்கவில்லை, இறந்துவிட்டது, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வராது, நாம் தூங்கினால் காலையில் எழுந்துவிடுவோம். குழந்தை அழுதால் அழட்டும். பிறகு அவளைப் பாட்டியிடம் அழைத்துப் போங்கள். பெரியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவள் கேட்டுவிடுவாள். பூனையின் உரிமப் பதிவை முடித்துவைப்பது, மருத்துவமனை பாக்கியைத் தீர்ப்பது போன்ற அலுவல்களை மட்டும் அம்மாவின் கண்ணில் படாமல் நீங்களே செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஞானியைப்போல எழுதுகிறேனே தவிர, சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்தில் ஒருவர் தம் நாய் இறந்ததைச் சொன்னபோது, "எத்தனை வயசு?" என்று கேட்டு, பதினைந்து என்றதும், "அப்ப பரவாயில்லை, நல்ல சாவு" என்றவன் நான். அவர் தலையாட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் அந்த நாயைப் பற்றி என்னிடம் அவர் பேசவே இல்லை.

இன்னும் பல வாரங்கள் அம்மா சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல ஏதாவது சொன்னாலோ, காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771 எந்நேரமும் உண்டு.

மற்றபடி, இந்தச் சனிக்கிழமை கைபேசியை அணைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். நீங்களும் கூடவே இருந்தீர்கள், உங்களுக்கே எல்லாம் தெரியும் என்பது பொருட்டில்லை. எனக்கும் ஒன்று தெரிய வேண்டும்: பவுனு என்று பெயர் வைத்தது யார், அதன் நிறத்தைப் பார்த்தா, வேறு காரணமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.