சிவப்பு மையும் செயலியும்

கேள்வி: ஐயா, கட்டுரைத் தாளை இனி செயற்கை நுண்ணறிவே திருத்திவிடுமாமே? டியூஷன் எடுக்கிற எங்கள் கதி?
– வாசகி, தக்கலை

பதில்: இது புதுக் கதை இல்லை அம்மா. அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்ற கல்வி உளவியலாளர் 1966-லேயே இதைத் தொடங்கிவிட்டார். அவருடைய கணினி நிரல் கட்டுரையின் நீளம், காற்புள்ளி என்று எண்ணித்தான் மதிப்பெண்ணை ஊகித்தது. (நம்மிலும் சிலர் பக்கத்தை எண்ணித்தானே போட்டோம்!)

இன்றைய செயலி அதைவிடக் கெட்டி. ஒற்றுப்பிழை பார்க்க நானும் வைத்திருக்கிறேன். ஆனால் போன வாரம் குளச்சல் பையன் ஒருவன், 'அப்பா வள்ளத்துல போனா அம்மா உறங்கமாட்டா' என்று எழுதியிருந்தான். செயலி வள்ளத்தைப் படகாக்கி, அம்மாவைத் 'தூங்கமாட்டார்' என்று திருத்தி, பத்துக்கு ஐந்து போட்டது. நான் ஒன்பது போட்டேன். குறைத்த ஒன்று, 'கரை'யைக் 'கறை' என்று எழுதியதற்கு.