சர்வர் எந்த ஊரில் இருக்கிறது?

ஐயா, வணக்கம்.

கென்யாவின் ஓல்கரியாவில், புவிவெப்ப மின்சாரத்தை வைத்து மைக்ரோசாஃப்ட்டும் அபுதாபியின் ஜி42 நிறுவனமும் 100 கோடி டாலரில் தரவு மையம் (தரவைச் சேமிக்கும் சர்வர் கணினிகள் இருக்கும் இடம்) அமைக்கப்போவதாக 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. அதை நீங்கள் ஒரு வரியில் கிண்டலடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் கோவையில் ஐடி துறையில் இருப்பவன். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. ஒரு நாட்டின் தரவு அந்த நாட்டு மண்ணில் இருப்பதுதானே டிஜிட்டல் இறையாண்மை? பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று 2018-இல் நம் ரிசர்வ் வங்கி சொன்னபோது கைதட்டினோம். கென்யா செய்தால் மட்டும் ஏன் இளக்காரம்? அமெரிக்காவோடும் சேரக்கூடாது, சீனாவோடும் சேரக்கூடாது என்றால் சின்ன நாடுகள் யாரோடுதான் சேர்வது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கிண்டல் கென்யாவைப் பற்றியது அல்ல. அதிபர் ரூட்டோ வாஷிங்டன் போயிருந்த நேரத்தில், இறையாண்மையையே பெட்டியில் வைத்து அனுப்புவதுபோல அந்த அறிவிப்பை அலங்கரித்தார்களே, அதைப் பற்றியது. ஊருக்குள் ரைஸ்மில் வந்துவிட்டால் மில் ஊருடையது ஆகிவிடுமா?

கென்யாவையே எடுத்துக்கொள்வோம். கைபேசி வழியே பணம் அனுப்பும் அந்த நாட்டுச் சேவையான எம்-பெசா உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியும் வோடஃபோனின் பணமும் சேர்ந்து, நுண்கடன் தவணையைக் கைபேசியில் கட்டுவதற்கான சோதனையாகத் தொடங்கிய திட்டம். 2007 மார்ச்சில் கென்யத் தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. வங்கிக் கிளையையே பார்த்திராத கிராமத்துக்காரர் நைரோபியிலிருக்கும் மகனிடமிருந்து பெட்டிக்கடையில் பணம் வாங்கத் தொடங்கினார். அந்தப் பரிவர்த்தனை ஒவ்வொன்றும் ஓடியது ஐரோப்பாவில் இருந்த சர்வர்களில். எட்டு ஆண்டுகள் அப்படித்தான். உங்கள் அளவுகோலின்படி அந்தக் காலத்தில் கென்யாவுக்குத் தன் பணத்தின் மீது பிடியே இருந்திருக்கக் கூடாது.

இருந்தது. சேவை தொடங்கும் முன்பே கென்ய மத்திய வங்கி ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது: வாடிக்கையாளர் போடும் பணம் சஃபாரிகாமின் பணமாகிவிடக் கூடாது, வங்கியில் தனி அறக்கட்டளைக் கணக்கில் கிடக்க வேண்டும். நிறுவனம் நாளைக்கே திவாலானாலும் அந்தப் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. இதற்கென்று முறையான சட்டம் 2011-இல்தான் வந்தது. அதுவரை ஒரு அனுமதிக் கடிதமும் அதிகாரிகளின் உறுதியும்தான் காவல். வளரும் நாடு ஒன்று அந்நியத் தொழில்நுட்பத்தை இதைவிடச் சாமர்த்தியமாகக் கையாண்டதாக எனக்கு நினைவில்லை.

2015-இல் சர்வர்கள் கென்யாவுக்கு வந்தன. ஆனால் மென்பொருள் சீனாவின் ஹுவாவே கட்டியது. எம்-பெசா என்ற பெயரும் தொழில்நுட்ப உரிமையும் வோடஃபோனிடமே இருந்தன. 2020-இல்தான் சஃபாரிகாமும் தென்னாப்பிரிக்காவின் வோடாகாமும் கூட்டாக அவற்றை விலைக்கு வாங்கின. வோடாகாமின் பெரும்பான்மைப் பங்குகள் யாரிடம் என்று பார்த்தால் அங்கேயும் வோடஃபோன்தான். சர்வர் ஊருக்கு வந்த தேதியை மட்டும் வைத்து இதில் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

இன்னொன்று, 2017 ஆகஸ்ட் அதிபர் தேர்தல். வாக்காளரை அடையாளம் காணவும் முடிவுகளை அனுப்பவுமான மின்னணுக் கருவிகளைத் தந்தது ஒரு பிரெஞ்சு நிறுவனம். முடிவுகளில் சந்தேகம் எழுந்ததும் எதிர்க்கட்சியின் முழக்கமே 'சர்வரைத் திற' என்று ஆனது. உச்ச நீதிமன்றம் திறந்துகாட்டச் சொன்னது. தேர்தல் ஆணையம் அதை முழுமையாகச் செய்யவில்லை. நீதிபதிகள் அதை ஆணையத்துக்கு எதிராகவே எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று தேர்தலையே ரத்து செய்தார்கள். தங்கள் உத்தரவு சர்வர் வரை எட்டாதபோதும் அந்த ஊர் நீதிமன்றம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. 2023-இல் கருவிழியை ஸ்கேன் செய்தால் கிரிப்டோ நாணயம் என்று வேர்ல்டுகாயின் என்ற திட்டம் நைரோபியில் ஆயிரக்கணக்கானோரை வரிசையில் நிறுத்தியபோதும் அரசு அதை நிறுத்தியது. எடுத்த தரவை அழிக்கச் சொல்லி 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் வாதத்துக்கு நீங்களே சொல்லாத ஒரு பலம் உண்டு. 2024 மே மாதம் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலடிக் கேபிள்கள் அறுந்து கென்யா முதல் தான்சானியா வரை இணையம் தள்ளாடியது. அந்த நாளில் உள்நாட்டுச் சர்வரின் அருமை தெரியும். அதற்காக உள்ளூர் தரவு மையம் வேண்டும் என்றால் முழுமனதோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அது வேகம், தடையின்மை சார்ந்த காரணம். யார் கேட்டால் தரவைக் கொடுக்க வேண்டும் என்பது வேறு. அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்தின் கையிலுள்ள தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க நீதிமன்றம் கேட்க முடியும். பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு பிரான்ஸின் சம்மதமில்லாமல் அமெரிக்காவுக்குப் போகாது என்று உறுதி தர முடியுமா என 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் விசாரணையில் கேட்டபோது, அங்குள்ள மைக்ரோசாஃப்ட் அதிகாரி முடியாது என்றார். இதுவரை அப்படி நடந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பிரான்ஸுக்கே இதுதான் பதில்.

ரிசர்வ் வங்கி ஒப்பீடு பொருந்தாது. உத்தரவை மீறியதற்காக 2021 ஜூலையில் மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கத் தடை போட்டார்கள். பணிந்தபின் 2022 ஜூனில் விலக்கினார்கள். இந்தியச் சந்தையை இழக்க எந்த நிறுவனமும் தயாரில்லை என்பதால் பலித்த மிரட்டல் அது. கென்யா தனியாக அதைச் செய்தால் கடையைக் கட்டிக்கொண்டு போவார்கள். கூட்டாகத்தான் பேரம் பேச வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மலாபோ தரவுப் பாதுகாப்பு உடன்படிக்கை 2014-இல் எழுதப்பட்டு, போதுமான நாடுகள் ஏற்று நடைமுறைக்கு வர 2023 ஆனது. அந்த ஒன்பது வருடத்தில் நிறுவனங்கள் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே பேசி முடித்துவிட்டன.

யாரோடு சேர்வது என்றீர்கள். கென்யா இருவரோடும் சேர்கிறது; அந்த நாட்டின் புதிய தொழில்நுட்ப நகரான கொன்சாவின் தேசியத் தரவு மையம் சீனக் கடனில் ஹுவாவே கட்டியதுதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓல்கரியா ஒப்பந்தம் என் கைக்கு வந்தால் முதலில் தேடுவது வெளியேறும் விதியைத்தான்: பத்து வருடம் கழித்துப் பிரிந்தால் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், யார் செலவில் திருப்பித் தருவார்கள்? தகராறு வந்தால் வழக்கு நைரோபியிலா லண்டனிலா? இந்த இரண்டுக்கும் பதில் பார்த்தபின் கைதட்டலாமா என்று சொல்கிறேன்.